தோல் பூட்ஸும் கம்பூட்ஸும்: டெல்டாவில் வண்டி ஓட்டுபவர் காலுக்கு எது?

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் அய்யம்பேட்டை வந்ததும் வண்டியை ஆற்றுப் பக்கம் திருப்பினால், சில நிமிடங்களில் நிலம் வேறாகிவிடும். அதுவரை சக்கரத்துக்கு அடியில் தார். இனிமேல் குடமுருட்டிக் கரையின் வண்டல். அதுவரை முதுகுக்குப் பின்னால் வரும் பேருந்துக்குப் பயப்பட வேண்டும். இனிமேல் முன்சக்கரத்துக்குக் கீழே நழுவும் களிமண்ணுக்கு. வேளாண் உதவி அலுவலர், பால்காரர், நெல் வியாபாரி, மாட்டுக்கு ஊசி போட வருகிறவர், மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர் என்று டெல்டாவில் வண்டியை நம்பித் தொழில் செய்பவர்கள் பலருக்கும் இந்த இரண்டும் ஒரே காலைப்பொழுதின் பயணம். வீட்டிலிருந்து கிளம்பும்போது காலில் மாட்டியதுதான் இரண்டு இடத்திலும் காலைக் காக்க வேண்டும்.

அந்தக் காலில் பெரும்பாலும் இருப்பது ரப்பர் செருப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. காலைப் பற்றி அது பேசவில்லை. வயலோ இன்னும் ஒரு படி மேலே போய், வருகிற செருப்பையும் வரப்பிலேயே கழற்றச் சொல்கிறது. விளைநிலத்தைச் செருப்புக் காலோடு மிதிக்கலாகாது என்பது இங்கே வழிவழியாக வந்த மரியாதை. நம் சிற்ப மரபிலும் இது பதிந்திருக்கிறது. வடநாட்டுச் சூரியன் சிலைகள் பல, முழங்காலைத் தொடும் பூட்ஸோடு நிற்கின்றன. குதிரையேறி வந்த மத்திய ஆசிய உடையின் சாயல் அது என்பது ஆய்வாளர்கள் கருத்து. தென்னாட்டு மரபில் சூரியன் வெறுங்காலோடுதான் நிற்பார். பூட்ஸ் என்பது தொடக்கத்திலிருந்தே சவாரி செய்பவரின் உடைமை. நடந்துபோய் நாற்று நடுபவருக்கு அது தேவைப்படவில்லை. நடுபவரும் சவாரி செய்பவரும் ஒருவரே ஆகிவிட்ட பிறகுதான் நம் கேள்வி பிறக்கிறது.

அந்தக் கேள்விக்கு விடையாகக் கடைத்தெருவில் இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று, மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே செய்த தோல் பூட்ஸ். மற்றொன்று, உரக்கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் தொங்கும் கம்பூட்ஸ். பார்வைக்கு ஒன்று பணக்கார வீட்டுப் பொருள், மற்றது கூலிவேலைக்கானது. ஆனால் வம்சாவளியைத் தேடிப் போனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

1799-ல் காவிரி நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிரிட்டிஷார் கைப்பற்றிய போரில் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற படை அதிகாரி இருந்தார். போருக்குப் பின் அந்த ஊரின் நிர்வாகமும் அவர் கைக்கு வந்தது. இங்கே தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி தன் நாட்டின் ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்ததும் அதே ஆண்டுதான். வெல்லெஸ்லி பின்னால் வெலிங்டன் பிரபு ஆனார். லண்டனில் தன் செருப்புத் தொழிலாளியிடம் சொல்லி, அக்காலக் குதிரைப்படை பூட்ஸைக் காலோடு ஒட்டினாற்போல் மென்மையான கன்றுத்தோலில் மாற்றித் தைக்க வைத்தார். அது அவர் பெயராலேயே பரவியது. 1844-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1853-ல் ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் பிரான்சில் ஆலை தொடங்கி, அதே வெலிங்டன் பூட்ஸை ரப்பரில் வார்த்து, ஈர நிலத்தில் வேலை செய்யும் உழவர்களுக்கு விற்றார். அதாவது, தோல் பூட்ஸ் குதிரையை விட்டு இயந்திர வண்டிமேல் ஏறியது. கம்பூட்ஸ் குதிரையை விட்டு வயலில் இறங்கியது. முதல் உலகப் போரில் இரண்டும் ஒரே படையில் பணிபுரிந்தன. தோலை அணிந்தவர் மோட்டார் சைக்கிளில் செய்தி சுமந்தார். ரப்பரை அணிந்தவர் பதுங்குகுழியின் சேற்றில் நின்றார்.

அந்த உறவின் தடயம் இன்றும் இரண்டிலும் தெரிகிறது. அடியைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலுக்கும் நடுப்பாதத்துக்கும் இடையே ஒரு படி இருக்கும். குதிரையின் அங்கவடியிலிருந்து கால் முன்னால் வழுக்கிப் போகாமல் பிடிக்க வந்த படி அது. தோல் பூட்ஸ் அதை இன்றைக்கு ஃபுட்ரெஸ்ட் கம்பியில் பயன்படுத்துகிறது. கம்பூட்ஸும் அதே கம்பியில் அதே படியால்தான் நிற்கிறது. யாரும் அதை வண்டிக்கென்று செய்யவில்லை, பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்தது. எடையில்கூட அதிக வேறுபாடு இல்லை. கெண்டைக்கால் உயரத் தோல் பூட்ஸையும் பிவிசி கம்பூட்ஸையும் தராசில் வைத்தால், ஜோடி இரண்டுமே ஏறத்தாழ இரண்டு கிலோவை ஒட்டி நிற்கும். கம்பூட்ஸ் லேசானது என்பது விலையைப் பார்த்து நாம் கட்டிக்கொண்ட எண்ணம்.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். தார்ச்சாலையில் விழுகிறவனின் காலுக்கு மூன்று ஆபத்துகள்: தேய்ப்பு, திருகல், நசுங்கல். தோல் என்பது முப்பரிமாணத்தில் பின்னிக்கிடக்கும் கொலாஜன் நார். உராயும்போது நார் நாராகத் தேயும், ஆனால் உருகாது. குரோம் உப்பால் பதனிட்ட தோல், கொதிநீர்ச் சூட்டிலும் சுருங்காமல் தாக்குப்பிடிக்கும். கம்பூட்ஸின் பிவிசி அப்படி அல்ல. உராய்வுச் சூட்டில் இளகி, சாலையிலும் காலின் சருமத்திலும் ஒட்டும். இதைச் சோதிக்க யாரும் விழ வேண்டாம். நெடுந்தூரம் ஓடிய வண்டியின் சைலன்ஸரில் கம்பூட்ஸின் உட்பக்கம் ஒரு முறை படட்டும். குழாயில் கறுத்த பிசின் திட்டு ஒன்று ஒட்டிக் கருகும், பூட்ஸில் அதே அளவுக்குப் பளபளத்த பள்ளம் விழும். தோல் பூட்ஸில் அதே இடத்தில் நிறம் மங்கும், அவ்வளவுதான்.

திருகலிலும் நசுங்கலிலும் இடைவெளி இன்னும் கூடுகிறது. வண்டிக் காலணிக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 13634. அதன் 2017 பதிப்பின்படி பூட்ஸின் உட்புற லேபிளில் மோட்டார் சைக்கிள் படத்தின் கீழ் நான்கு எண்கள் இருக்கும்: உயரம், உராய்வுத் தாங்கல், வெட்டுத் தாங்கல், பக்கவாட்டில் அழுத்தினால் அடிப்பாகம் மடங்காத உறுதி. ஒவ்வொன்றும் 1 அல்லது 2. இரண்டு என்றால் கூடுதல் காப்பு. இந்த நான்காவது எண்தான் என் கண்ணில் முதன்மையானது. வண்டி சாய்ந்து காலின்மேல் விழும்போது, பாதத்தை அகலவாக்கில் நசுக்க வரும் எடையை எதிர்த்து நிற்பது அதுதான். கம்பூட்ஸுக்கும் இந்தியத் தரம் உண்டு. பிவிசி தொழிற்கூடப் பூட்ஸுக்கான ஐஎஸ் 12254. அது தண்ணீரையும் தொழிற்கூடத்து ரசாயனத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வண்டியிலிருந்து விழுவது அதன் கவலை அல்ல.

இதுவரை தோலின் பக்கம்தான் தராசு சாய்ந்திருக்கிறது. கரையில் இறங்கியதும் அது மறுபக்கம் சாயத் தொடங்கும்.

ஐப்பசி மழையில் நனைந்த வாய்க்கால் கரையில் கம்பூட்ஸுக்கு நிகர் இல்லை. அதற்குத் தையல் கிடையாது, ஆதலால் கசிய வழியும் கிடையாது. சேறு பிடிக்க மடிப்பில்லை. மதகோரம் காலை ஒரு முறை நீரில் அலசினால் புதிதுபோல் ஆகிவிடும். சம்பா நடவு வயலில் கெண்டைக்கால் வரை இறங்கி, ஏறி, வண்டியை உதைத்துக் கிளம்பலாம். தோல் பூட்ஸோடு அப்படி இறங்கியவர் முதல் நாள் பெருமைப்படுவார். இரண்டாம் நாள் தையல் வழியே ஈரம் ஏறும். மூன்றாம் நாள் காலையில் உட்புறத்தில் பூஞ்சை வாடை அடிக்கும்.

தோலும் ஈரமும் எப்படிப் பழகும் என்பதைத் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைநாளில் மிருதங்கத்தின் சுருதி இறங்குவதையும் வாரைத் தட்டி ஏற்றுவதையும் பார்த்த ஊர் இது. பதனிடாத மிருதங்கத் தோல் காற்றின் ஈரத்துக்கே நெகிழ்ந்துவிடும். பதனிட்ட பூட்ஸ் தோல் அதைவிடப் பொறுமைசாலி. ஆனாலும் அதே இயல்பு அதனுள் உறங்குகிறது. திருச்சி, திண்டுக்கல் பக்கத்துத் தோல்கிடங்குகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலுக்கு ஒரு காலத்தில் உலகச் சந்தையில் பெயர் இருந்தது. மரப்பட்டைத் தோல் நீரை அதிகம் குடிக்கும். குரோம் தோல் குறைவாகக் குடிக்கும். டெல்டாவில் வண்டி ஓட்ட எடுப்பது குரோம் தோலாக, அதிலும் எண்ணெய் ஊட்டியதாக இருக்கட்டும். நனைந்தால் அடுப்போரத்திலோ உச்சி வெயிலிலோ வைக்காமல், உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு உலர்த்திய தோல் விறைத்து, விரல் மடங்கும் இடத்தில் வெடிக்கும்.

விலையுயர்ந்த தோல் பூட்ஸ்களின் உள்ளே நீர் புகாத மெல்லிய சவ்வு ஒன்று வைத்துத் தைத்திருப்பார்கள். வெளிநீரை விடாது, உள்வியர்வையை ஆவியாக வெளியேற்றும் என்பது அதன் சிறப்பு. இங்கேதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் வியப்பளித்த ஒற்றுமை கிடைத்தது. சவ்வு வழியே வியர்வை வெளியேற, உள்ளே ஈரப்பதம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். அந்த வேற்றுமைதான் ஆவியைத் தள்ளுகிறது. குளிர்நாட்டில் அந்த வேற்றுமை பெரிது. கார்த்திகை மாதத்து நீடாமங்கலத்தில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக்கிடக்கிறது. உள்ளிருக்கும் ஆவி எங்கே போகும்? ஆகவே பல ஆயிரம் ரூபாய் சவ்வுப் பூட்ஸும் சில நூறு ரூபாய் கம்பூட்ஸும் அந்த மாதத்தில் ஏறக்குறைய ஒரே பொருளாகிவிடுகின்றன. வெளிநீர் இரண்டிலும் புகாது. கால் இரண்டிலும் தன் வியர்வையிலேயே நனையும். மேல்வாய் வழியாக ஒரு தடவை தண்ணீர் புகுந்துவிட்டாலோ, இரண்டும் அதை வெளியே விடாமல் தேக்கி வைக்கும். சேற்றுப்புண்ணுக்கு இரண்டும் ஒரே அளவில் இடம் தரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ், வேலை முடிந்ததும் காலுக்குக் காற்று.

வண்டியின்மேல் இரண்டும் எப்படி நடந்துகொள்கின்றன? தோல் பூட்ஸின் நடுப்பாதத்தில் எஃகுப் பட்டை இருக்கும். மேடுபள்ளத்தில் ஃபுட்ரெஸ்ட்மேல் எழுந்து நின்று ஓட்டினால் பாதம் வலிக்காது. கம்பூட்ஸ் அந்தக் கம்பியின்மேல் வளைந்து உட்காரும். கொஞ்ச தூரத்திலேயே உள்ளங்கால் முறையிடத் தொடங்கும். கியர் விஷயத்திலோ இரண்டுக்கும் ஒரே சங்கடம். முன்பகுதி பருமனாக இருப்பதால் கியர் லிவருக்கு அடியில் நுழைய மறுக்கும். நல்லவேளையாக, இங்கே ஓடும் ஸ்பிளெண்டர், புல்லட் போன்ற வண்டிகளில் முன்னும் பின்னும் மிதிக்கிற லிவர் உண்டு. முன்னாலோ பின்னாலோ அழுத்தியே கியரை மாற்றிவிடலாம், விரலை அடியில் நுழைக்க வேண்டியதில்லை. வேட்டிக்கும் செருப்புக்கும் வாகாக இருந்த அமைப்பு பருத்த பூட்ஸுக்கும் பொருந்திப் போகிறது. டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதற்குக் கியர் கிடையாது. வயல்காட்டில் எக்ஸ்எல்லும் கம்பூட்ஸும் சேர்ந்தே தென்படுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடிப்பாகத்தின் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மலைப்பாதைக்கான பூட்ஸில் பல் ஆழமாக இருந்தால் போதும் என்பார்கள். டெல்டாக் களிக்கு ஆழம் பெரிதல்ல, இடைவெளிதான் பெரிது. நெருக்கமான பல்லில் களி அப்பிக்கொண்டு, பத்தடி நடப்பதற்குள் அடி முழுவதும் வழவழவென்ற ஒரே பரப்பாகிவிடும். அந்த அடியோடு தார்ச்சாலைக்குத் திரும்பி, சிக்னலில் ஒரு காலை ஊன்றினால் வண்டியோடு சாய வேண்டியதுதான். போதாக்குறைக்கு, அறுவடைக் காலத்தில் டிராக்டர் சக்கரம் உதிர்த்த சேறும் சாலையிலேயே காயப்போட்ட நெல்லும் வைக்கோலும் காத்திருக்கும். தோல் பூட்ஸின் எண்ணெய்க்கு அஞ்சாத ரப்பர் அடி, ஈரத் தாரில் நன்றாகப் பிடிக்கும், களியில் அடைத்துக்கொள்ளும். கம்பூட்ஸின் அகன்ற பல் களியை உதறும். ஈரமான சிமெண்ட் தளத்திலும் தாரிலும் பிவிசி வழுக்கும்.

கழன்று வருவதைப் பற்றி நான் முதலில் ஒரு பக்கமாகத்தான் நினைத்திருந்தேன். சேற்றில் கால் புதைந்தால் கம்பூட்ஸ் அங்கேயே நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். சேற்றிலேயே கழன்று வருவது, வேகத்தில் விழும்போது காலில் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பக்கிள் போட்ட தோல் பூட்ஸ் இரண்டு இடத்திலும் காலை விடாது. ஆனால் நம் கரைச்சாலைகளின் ஒரு பக்கம் வயல் என்றால் மறுபக்கம் தண்ணீர். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாய் போன்ற பெரிய வாய்க்காலில், நீர் நிறைந்து ஓடும் நாளில் வண்டியோடு தவறி விழுந்தால், காலை உதறியதும் கழன்றுபோகிற பூட்ஸ் உதவியாக இருக்கும். மூன்று பக்கிள் போட்டது இருக்காது. தார்ச்சாலையில் குறையாக இருப்பது கரையில் குணமாகிறது.

பாம்பு விஷயத்தில் இரண்டும் மீண்டும் ஒன்று சேர்கின்றன. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பீடு ஒன்று உண்டு. கடிகளில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழே. நெல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் பாம்பு. தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிக்கும் வயல்களில் கண்ணாடி விரியன் வருவது இயற்கை. கெண்டைக்காலை மூடும் எந்தக் கெட்டியான பூட்ஸும் இங்கே பெரும் காப்பு. எலிக்காய்ச்சலில் மட்டும் கம்பூட்ஸ் முந்துகிறது. எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியே, காலின் சிறு வெடிப்பிலும் புண்ணிலும் அந்தக் கிருமி நுழையும். நீரே தொடாத கால்தான் பாதுகாப்பான கால்.

மோட்டோகிராஸ் பந்தயக்காரர்கள் அணியும் பிளாஸ்டிக் கவசப் பூட்ஸை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அது காலைக் காப்பது உண்மை. அதை மாட்டிக்கொண்டு வரப்பில் நூறடி நடக்க முடியாததும் உண்மை. டெல்டாவில் பாதி வேலை வண்டியை நிறுத்திய பிறகுதான் தொடங்குகிறது.

தீர்ப்பு என்று கேட்டால், ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்பவரிடம் தினமும் தார்ச்சாலையில் எவ்வளவு நேரம், என்ன வேகம் என்றுதான் முதலில் கேட்பேன். நெடுஞ்சாலையில் கியர் வண்டியில் போகிறவர் தோல் பூட்ஸே எடுக்கட்டும். கெண்டைக்கால் உயரம், பக்கிள் அல்லது வெல்குரோ மூடிய ஜிப், இருபுறமும் தைத்து மூடிய நாக்கு, அகன்ற இடைவெளியுள்ள பல். லேஸ் இருந்தால் அதன் நுனியைச் செருகி வைக்க இடம் வேண்டும். கியர் லிவரில் சிக்கிய லேஸ், நிற்கும் வண்டியையே கவிழ்க்கும். ஊருக்குள்ளும் வயலுக்கும் மட்டும் எக்ஸ்எல்லில் மெதுவாகப் போய் வருகிறவருக்குக் கம்பூட்ஸ் போதும்; செருப்பைவிட அது எத்தனையோ மேல். இரண்டும் வாங்க முடிந்தவர் ஐப்பசியிலிருந்து தை வரை தோல் பூட்ஸைக் காலிலும் கம்பூட்ஸைக் கேரியரிலும் கட்டிக்கொண்டு போகட்டும். வயலோரம் மாற்றிக்கொள்ள இரண்டு நிமிடம் ஆகும். கம்பூட்ஸோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போவதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பேண்ட்டை எப்படி விடுவது என்பதிலும் இரண்டு நிலத்துக்கும் இரண்டு விதி: மழையில் ஓட்டும்போது பூட்ஸுக்கு வெளியே, நீர் வடிந்து போகும், சேற்றில் இறங்கும்போது உள்ளே.

வாங்கப் போகும்போது மாலையில் போங்கள். நாள் முழுதும் உழைத்த கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து, கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து கியரையும் பிரேக்கையும் மிதித்துப் பாருங்கள். பிறகு கழற்றி, பாதத்தின் அகன்ற பகுதியை இரண்டு பக்கமும் கையால் அமுக்குங்கள். அடிப்பாகம் எளிதில் மடங்கினால், அது தோலானாலும் ரப்பரானாலும் வண்டிக்கு வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.